ஹாதார்னின் உருவகக் கதைகளை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி இதுதான்: "அமெரிக்க எழுத்தாளர் நத்தானியல் ஹாதார்னின் 'மாஸஸ் ஃப்ரம் ஆன் ஓல்ட் மேன்ஸ்' தொகுப்பை எடுத்தேன். முதல் கட்டுரையே ஒரு பழைய வீட்டைப் பற்றி நீண்டுகொண்டே போகிறது. கதைகள் எல்லாம் உருவகக் கதைகள், அதாவது ஆட்களும் பொருள்களும் ஏதோ ஒரு கருத்தின் அடையாளமாக நிற்கும் கதைகள் என்கிறார்கள். அப்படியானால் உபதேசமாகத்தானே இருக்கும்? எட்கர் ஆலன் போகூட இதைத் திட்டியிருக்கிறாராம். தொடர்ந்து படிக்கலாமா? படிக்கலாம் என்றால் எந்தக் கதையிலிருந்து?"

முதல் கட்டுரையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். நல்ல கட்டுரைதான், ஆனால் கதைகளுக்குப் பிறகு படித்தால்தான் ருசிக்கும். நேரே 'யங் குட்மேன் பிரவுன்' கதைக்குப் போங்கள். ஒரே அமர்வில் முடித்துவிடலாம். அது பிடிக்கவில்லை என்றால் மற்றவையும் பெரும்பாலும் பிடிக்காது, புத்தகத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம். பிடித்தால் அடுத்து 'தி பர்த்மார்க்', அதற்கடுத்து 'ராப்பச்சினிஸ் டாட்டர்'. இருபதுக்கும் மேற்பட்ட கதைகளும் கட்டுரைகளும் உள்ள தொகுப்பு இது. ஆனால் இந்த மூன்றுக்காகத்தான் அதை இன்னும் அச்சிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

மற்ற கேள்விகளுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முடிவுகளையும் சொல்லாமல் முடியாது. முடிவு தெரிந்தால் படிக்கப் பிடிக்காது என்பவர்கள் மூன்று கதைகளையும் படித்துவிட்டு வாருங்கள்.

ஹாதார்ன் 1804 ஜூலை 4 அன்று சேலத்தில் பிறந்தவர். நம்மூர் சேலம் இல்லை, மாசசூசெட்ஸ் மாநிலத்துத் துறைமுக ஊர். 1692இல் சூனியக்காரர்கள் என்று குற்றம்சாட்டி 19 பேரைத் தூக்கில் போட்டார்களே, அதே சேலம். அந்த வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர்களை விசாரித்த நீதிபதிகளில் ஒருவர் ஜான் ஹாதார்ன், எழுத்தாளரின் நேரடி மூதாதை. அவருக்கும் முந்தைய தலைமுறையான வில்லியம் ஹாதார்ன், குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரைச் சாட்டையால் அடிக்க உத்தரவிட்டவர். குடும்பப் பெயரின் ஆங்கில எழுத்துகளில் ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டவர் நம் எழுத்தாளர்தான். அந்த மூதாதைகளிடமிருந்து விலகி நிற்கத்தான் அப்படிச் செய்தார் என்று பலர் சொல்வார்கள். காரணம் எதுவோ, அவர்களை அவர் மறக்கவில்லை என்பதற்கு இந்தத் தொகுப்பே சாட்சி.

கல்லூரிப் படிப்பை 1825இல் முடித்துவிட்டு ஊர் திரும்பியவர், பன்னிரண்டு ஆண்டுகள் போல அம்மா வீட்டிலேயே இருந்து எழுதிக்கொண்டிருந்தார். கதைகள் பத்திரிகைகளிலும் ஆண்டு மலர்களிலும் பெயர் போடாமலே வந்தன. 1837இல் முதல் கதைத் தொகுப்பான 'ட்வைஸ் டோல்ட் டேல்ஸ்' வெளிவந்ததே கல்லூரி நண்பர் ஹொரேஷியோ பிரிட்ஜ் அவருக்குத் தெரியாமல் பதிப்பாளரிடம் 250 டாலருக்கு உத்தரவாதம் கொடுத்ததால்தான். 1842 ஜூலையில் சோஃபியா பீபடியைத் திருமணம் செய்துகொண்டு, கான்கர்ட் ஊரில் ஒரு பழைய பாதிரியார் வீட்டுக்கு வாடகைக்குப் போனார். அதுதான் தலைப்பில் வரும் 'ஓல்ட் மேன்ஸ்'. புதுமணத் தம்பதிக்காக அங்கே காய்கறித் தோட்டம் போட்டுக்கொடுத்தவர் எழுத்தாளர் தோரோ. அந்த வீட்டில் இருந்தபடிதான் தத்துவ எழுத்தாளர் எமர்சன் சில ஆண்டுகளுக்கு முன் தன் 'நேச்சர்' நூலை எழுதத் தொடங்கியிருந்தார். கணவனும் மனைவியும் வைர மோதிரத்தால் ஜன்னல் கண்ணாடியில் கீறிய வரிகள் இன்றும் அந்த வீட்டில் இருக்கின்றன. பத்திரிகைக்காரர்கள் சன்மானத்தை இழுத்தடித்ததால் பணமுடை. 1845இல் வீட்டுக்காரர்கள் வீட்டைத் திருப்பிக் கேட்டதும் காலி செய்ய வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு நியூயார்க்கின் வைலி அண்ட் புட்னம் இந்தத் தொகுப்பை இரண்டு பாகங்களாக வெளியிட்டது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தலைப்பைப் பார்த்தால் எல்லாமே அந்த வீட்டில் எழுதியதுபோல் தோன்றும், உண்மை அப்படியில்லை. 'யங் குட்மேன் பிரவுன்' 1835இல் பத்திரிகையில் வந்தது, 'ராஜர் மால்வின்ஸ் பெரியல்' 1832இல். இரண்டையும் அவர் முந்தைய தொகுப்பில் சேர்க்கவில்லை. ஆக, இந்தப் புத்தகத்தில் சேலத்து இருட்டறையில் எழுதிய கதைகளும் இருக்கின்றன, கான்கர்ட் வெளிச்சத்தில் எழுதியவையும் இருக்கின்றன. தரம் ஏறி இறங்குவதற்கு இது ஒரு காரணம்.

சரி, எழுத்தாளர் எட்கர் ஆலன் போவின் விஷயத்துக்கு வருவோம். 1842இல் 'ட்வைஸ் டோல்ட் டேல்ஸ்' மறுபதிப்புக்கு மதிப்புரை எழுதியபோது போ ஹாதார்னை வானளாவப் புகழ்ந்தார். சிறுகதையின் இலக்கணம் என்று பிற்காலத்தில் எல்லோரும் எடுத்துக்காட்டும் அவரது கருத்துகள் அந்த மதிப்புரையில்தான் இருக்கின்றன. ஐந்து ஆண்டு கழித்து, 1847இல், அதே போ திரும்பவும் எழுதினார். இந்தமுறை, உருவகத்துக்கு ஆதரவாகச் சொல்ல உருப்படியான வார்த்தை ஒன்றுகூடக் கிடைப்பது அரிது என்று ஒரே போடாகப் போட்டுவிட்டு, ஹாதார்னுக்கு அறிவுரையும் சொன்னார்: கண்ணுக்குத் தெரியும் மையாக ஒரு புட்டி வாங்கிக்கொள், அந்தப் பழைய வீட்டை விட்டு வெளியே வா, ஆல்காட்டின் சகவாசத்தை விடு, முடிந்தால் 'தி டயல்' பத்திரிகை ஆசிரியரைத் தூக்கில் போடு. இதில் பாதி, எமர்சன், ஆல்காட், 'தி டயல்' என்றிருந்த கான்கர்ட் தத்துவக் கூட்டத்தின் மேல் போவுக்கு இருந்த எரிச்சல். மீதிப் பாதியில் நியாயம் இருக்கிறது.

அந்த நியாயத்தை முதலில் ஒத்துக்கொள்வோம். 'தி ஹால் ஆஃப் ஃபேண்டஸி', 'தி புரொசெஷன் ஆஃப் லைஃப்', 'தி இன்டெலிஜென்ஸ் ஆஃபிஸ்', 'தி கிறிஸ்துமஸ் பேங்க்வெட்' போன்றவற்றில் ஒரு யோசனையை எடுத்துக்கொண்டு, அதற்கு ஒரு மண்டபத்தையோ ஊர்வலத்தையோ கட்டி, வகைவகையான ஆட்களை வரிசையாக நடத்திக் காட்டுகிறார். இவன் பேராசை, அவள் வீண்பெருமை என்று நாமும் தலையில் அடையாளச்சீட்டு ஒட்டிக்கொண்டே போகலாம். மூன்றாவது பக்கத்தில் கொட்டாவி வரும். உங்கள் 'உபதேசம்' என்ற பயம் இவற்றுக்கு முழுக்கப் பொருந்தும். தயங்காமல் தாண்டிவிடுங்கள். தன் நோய் என்ன என்று ஹாதார்னுக்கே தெரியும். 'ராப்பச்சினிஸ் டாட்டர்' கதைக்கு எழுதிய முன்னுரையில், இதை ஒபெபீன் என்ற பிரெஞ்சு எழுத்தாளரிடமிருந்து எடுத்ததாகப் பாவனை செய்து, அந்த ஆளுக்கு உருவகத்தின் மேல் தீராத மோகம், அவருடைய பாத்திரங்கள் மேகத்தில் நிற்கும் ஆட்கள் மாதிரி இருக்கிறார்கள் என்று தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்கிறார். 1854இல் மறுபதிப்புக்காகப் பழைய கதைகளைத் திரும்பப் படித்தபோது, இந்தப் பாழாய்ப்போன உருவகங்கள் சிலவற்றில் நான் என்ன சொல்ல வந்தேன் என்று எனக்கே முழுதாகப் புரியவில்லை என்று பதிப்பாளர் ஃபீல்ட்ஸுக்குக் கடிதமும் எழுதினார்.

ஆனால் போ கவனிக்காமல் விட்ட ஒன்று இருக்கிறது. ஹாதார்னின் தலைசிறந்த கதைகளில் உருவகம் செய்பவர் ஆசிரியர் இல்லை. கதைக்குள் இருக்கும் ஒரு ஆள்தான் அதைச் செய்கிறான். எதிரில் நிற்கும் மனுஷியை மனுஷியாகப் பார்க்காமல், ஏதோ ஒன்றின் அடையாளமாகப் பார்க்கிறான். அந்தப் பார்வையே கதையின் குற்றம். நான் சொன்ன மூன்று கதைகளையும் இப்படி வைத்துப் பாருங்கள்.

'யங் குட்மேன் பிரவுன்' கதையில் திருமணமாகி மூன்று மாதமான இளைஞன் சேலத்திலிருந்து ஓர் இரவு காட்டுக்குக் கிளம்புகிறான். மனைவி பெயர் ஃபெய்த், அதாவது விசுவாசம். தொப்பியில் இளஞ்சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கிறாள். போகாதே என்கிறாள். போகிறான். காட்டில் பாம்பு வடிவக் கைத்தடியோடு ஒருவர் காத்திருக்கிறார். உன் தாத்தா குவேக்கர் பெண்ணைச் சேலத்துத் தெருவில் அடித்துக்கொண்டு போனபோது நான்தான் துணை நின்றேன் என்கிறார். வில்லியம் ஹாதார்னின் கதை தெரிந்தவர்களுக்கு அந்த வரி எங்கே போய்க் குத்தும் என்று தெரியும். பிறகு பிரவுனுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்த கிழவி, திருச்சபை மூப்பர், பாதிரியார் என்று ஊரின் பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராகப் பிசாசின் கூட்டத்துக்குப் போவதைப் பார்க்கிறான். அந்தக் கிழவியின் பெயர் குடி க்ளாய்ஸ். 1692 வழக்கில் உண்மையிலேயே குற்றம் சாட்டப்பட்ட ஒரு பெண்ணின் பெயர் அது. கடைசியில் மேலேயிருந்து ஏதோ பறந்து வந்து கிளையில் மாட்டுகிறது. எடுத்துப் பார்க்கிறான், இளஞ்சிவப்பு ரிப்பன். என் ஃபெய்த் போய்விட்டாள் என்று கத்துகிறான்.

அப்புறம்தான் விஷயமே இருக்கிறது. மறுநாள் காலை ஊருக்குத் திரும்புகிறான். ஃபெய்த் வாசலில் எட்டிப் பார்க்கிறாள், ரிப்பன் தலையிலேயே இருக்கிறது. இவனைக் கண்ட சந்தோஷத்தில் ஓடி வருகிறாள், ஊர் பார்க்க முத்தமே கொடுத்துவிடுவாள் போலிருக்கிறது. இவன் கடுகடுவென்று முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் தாண்டிப் போகிறான். சாகும்வரை அப்படியே. நடந்தது கனவா நிஜமா என்று ஹாதார்னே கேட்கிறார், பதில் சொல்வதில்லை. கைத்தடி நெளிந்ததுகூட மங்கிய வெளிச்சத்தின் மாயமாக இருக்கலாம் என்று அங்கங்கே ஒரு சந்தேகத்தைப் போட்டுக்கொண்டே போகிறார்.

சேலம் வழக்குகளில் ஒரு வகைச் சாட்சியம் இருந்தது. இன்னாருடைய ஆவியுருவம் வந்து என்னைக் கிள்ளியது, கழுத்தை நெரித்தது என்று ஒருவர் சொன்னால், அந்த இன்னார் அப்போது தன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாலும் நீதிமன்றம் அதை எடுத்துக்கொண்டது. பிசாசு ஒரு நிரபராதியின் உருவத்தில் வர முடியாதா என்ற கேள்வி அப்போதே எழுந்தது, அது எடுபடுவதற்குள் பலர் தூக்கில் தொங்கிவிட்டார்கள். பிரவுன் காட்டில் பார்த்ததும் உருவங்களைத்தான். அவற்றை வைத்து அவன் மனதுக்குள் ஊர் முழுவதற்கும், தன் மனைவிக்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதிவிடுகிறான். ஆக, 'எல்லோரும் உள்ளுக்குள் பாவிகள்' என்று கதை போதிப்பதாக எடுத்துக்கொண்டால், நீங்களும் பிரவுனின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். நீதிபதியின் வம்சத்தில் வந்தவர், நீதிபதியின் மனம் எப்படி வேலை செய்யும் என்று எழுதிய கதை இது.

'தி பர்த்மார்க்' 1843இல் வந்தது. அய்ல்மர் என்ற விஞ்ஞானி, அவனுடைய அழகான மனைவி ஜார்ஜியானா. அவள் இடது கன்னத்தில் சின்னஞ்சிறு கை போல ஒரு சிவந்த மச்சம். அவளை விரும்பிய மற்ற ஆண்கள், பிறந்தபோது ஏதோ தேவதை கன்னத்தில் கை வைத்துவிட்டுப் போயிருக்கிறது என்று கொஞ்சிப் பேசியது. பிடிக்காத பெண்கள் ரத்தக் கை என்று சொன்னது. ஒரே மச்சம், பார்ப்பவருக்குத் தகுந்த அர்த்தம். திருமணத்துக்குப் பிறகு அய்ல்மர் கண்ணுக்கு அது மட்டுமே தெரிய ஆரம்பிக்கிறது. பாவம், துக்கம், முதுமை, மரணம் எல்லாவற்றுக்கும் அவள் ஆளாகக்கூடியவள் என்பதன் சின்னமாக அவன் அதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டான் என்றே ஹாதார்ன் எழுதுகிறார். மச்சத்துக்குத் தானாக ஓர் அர்த்தமும் இல்லை, இவன் போய் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறான். அவள் முகம் அவன் பார்வையில் சுருங்கி, அவளே அந்த மச்சத்தை வெறுக்க ஆரம்பிக்கும் பக்கங்கள் இருக்கின்றனவே, ஒரு மனைவி தன் உடலைக் கணவனின் கண்ணால் பார்க்கத் தொடங்குவதை இவ்வளவு கூர்மையாக அந்தக் காலத்தில் வேறு யார் எழுதினார்கள் என்று தெரியவில்லை.

அய்ல்மருக்கு ஒரு கனவு வருகிறது. கத்தியால் மச்சத்தை அறுக்கிறான், ஆழமாகப் போகப் போக அந்தக் கையும் உள்ளே இறங்கி, அவள் இதயத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அங்கேயும் அறுக்கத் துணிகிறான். ஜார்ஜியானா அவனுடைய சோதனைக் குறிப்பேட்டைப் புரட்டுகிறாள். அவன் சாதித்தவைகூட, அவன் எட்ட நினைத்ததோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் தோல்விகளே. தெரிந்தே மருந்தைக் குடிக்கிறாள். மச்சம் மங்குகிறது, அவளும் போகிறாள். இதில் எனக்குப் பிடித்த வரி, அழுக்கும் புகையுமாக உலைக்களத்தில் வேலை செய்யும் அமினடாப் தனக்குள் முணுமுணுப்பது: இவள் என் மனைவியாக இருந்தால் இந்த மச்சத்தை விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

'ராப்பச்சினிஸ் டாட்டர்' மூன்றிலும் நீளமானது, சிக்கலானது. பாடுவா நகரில் டாக்டர் ராப்பச்சினி விஷச்செடித் தோட்டம் வளர்க்கிறார். மகள் பியாட்ரிஸை அந்தச் செடிகளோடே வளர்த்ததில் அவள் மூச்சே விஷமாகிவிட்டது. பக்கத்து மாடியிலிருந்து பார்க்கும் மாணவன் ஜியோவானி அவளிடம் மயங்குகிறான். இந்தக் கதையின் வேர் நம் பக்கத்திலிருந்து போனது என்பது பலருக்குத் தெரியாது. அலெக்சாந்தருக்கு ஓர் இந்திய அரசன் விஷம் ஊட்டி வளர்த்த அழகியைப் பரிசாக அனுப்பினான் என்ற பழங்கதையை ஹாதார்ன் ஆங்கில எழுத்தாளர் தாமஸ் பிரௌனிடமிருந்து தன் குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்தார். கதைக்குள்ளும் பேராசிரியர் பாலியோனி அதைச் சொல்கிறார். முத்ராராட்சசம் என்ற சம்ஸ்கிருத நாடகத்தில் வரும் அதே விஷகன்னிதான், சுற்றிச் சுற்றி இத்தாலித் தோட்டத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறாள்.

பழைய விஷகன்னிகள் கொல்ல அனுப்பப்பட்டவர்கள். பியாட்ரிஸ் யாரையும் கொல்ல நினைக்காதவள். ஜியோவானியால் இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க முடியவில்லை. ஒருநாள் அவள் தேவதை, மறுநாள் பேய். தன் மூச்சிலும் விஷம் ஏறிவிட்டது என்று தெரிந்ததும் அவளை வாய்க்கு வந்தபடி ஏசுகிறான். பாலியோனி கொடுத்த முறிமருந்தை அவள் வாங்கிக் குடித்து, என் இயல்பில் இருந்ததைவிட உன் இயல்பில்தானே ஆரம்பத்திலிருந்தே அதிக விஷம் என்று கேட்டுவிட்டுச் சாகிறாள். அந்த நேரத்திலும் பாலியோனி மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, 'ராப்பச்சினி, உன் சோதனையின் லட்சணம் இதுதானா' என்று கூவுகிறார். அப்பாவுக்கு அவள் சோதனைப்பொருள், போட்டிப் பேராசிரியருக்கு ஓர் ஆயுதம், காதலனுக்கு ஒரு புதிர். நிஜ பியாட்ரிஸை அந்தத் தோட்டத்தில் யாருமே பார்க்கவில்லை. மெக்சிகோவின் ஆக்டேவியோ பாஸ் 1956இல் இதை நாடகமாக எழுதினார்.

இவற்றுக்கு அடுத்த வரிசையில் 'தி செலஸ்டியல் ரயில்ரோட்' கதையை வைப்பேன். இது வேறு ரகம், முழுக்க நையாண்டி. ஜான் பனியனின் மோட்சப் பிரயாணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இரட்சணிய யாத்திரிகமாகப் பாடியது அதைத்தான். பனியனின் பயணி பாவச்சுமையை முதுகில் தூக்கிக்கொண்டு சேற்றில் புதைந்து, மலை ஏறி, அப்பொல்லியோன் என்ற பிசாசோடு சண்டை போட்டு மோட்ச நகரம் போய்ச் சேர்கிறான். ஹாதார்ன் அந்தப் பாதைக்கு ரயில் விட்டுவிட்டார்! சேற்றைத் தத்துவப் புத்தகங்களைக் கொட்டி நிரப்பியாயிற்று. சுமையைச் சரக்குப் பெட்டியில் போட்டுவிடலாம். மலையைக் குடைந்து சுரங்கம். என்ஜின் ஓட்டுவது யார் தெரியுமா, அதே அப்பொல்லியோன். அனுபவம் உள்ளவராம். கூடவே வரும் 'மிஸ்டர் ஸ்மூத் இட் அவே' எல்லாவற்றுக்கும் சமாதானம் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் ஆற்றங்கரையில் கழன்றுகொள்கிறார், அப்போது சிரிக்கும் அவர் வாயிலிருந்து புகை வருகிறது. கதை 1843இல் வந்தது, கான்கர்டுக்கு நிஜ ரயில் 1844இல் வந்தது. இங்கே ஒவ்வொரு பெயருக்கும் ஒரே அர்த்தம்தான், ஆனாலும் சலிக்கவில்லை. சிரிப்பு இழுத்துக்கொண்டு போய்விடுகிறது.

'ராஜர் மால்வின்ஸ் பெரியல்' உருவகம் என்று சொல்ல முடியாத அளவுக்கு உளவியல் கதை. காட்டில் சாகக்கிடந்தவரை விட்டுவிட்டு வந்தவன், அதை மறைத்த பாவம் அவனையே அரித்து என்ன செய்ய வைக்கிறது என்பது. படித்த அன்று தூக்கம் வராது. 'தி ஆர்ட்டிஸ்ட் ஆஃப் தி பியூட்டிஃபுல்' கலைஞர்களுக்குப் பிடிக்கும், எனக்குக் கொஞ்சம் இனிப்பு அதிகம். 'எர்த்ஸ் ஹோலோகாஸ்ட்' உலகத்துச் சீர்திருத்தக்காரர்கள் எல்லாம் கூடி மது, ஆயுதம், தூக்குமரம், புத்தகம் என்று எல்லாவற்றையும் நெருப்பில் போடும் கதை. மனித இதயத்தைப் போட மறந்துவிட்டார்களே என்று ஓரத்தில் ஒருவர் சிரிப்பது நல்ல இடம். 'ஈகோட்டிசம்' கதையில் மார்புக்குள் பாம்பு வைத்திருப்பவன் ஊரில் மற்றவர் மார்பிலும் பாம்பு இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு திரிவதுவரை அருமை, முடிவு சப்பென்று இருக்கிறது. 'மிஸஸ் புல்ஃப்ராக்' பக்கம் போகவே வேண்டாம்.

இவற்றை முடித்ததும் அந்த முதல் கட்டுரைக்குத் திரும்புங்கள். வீட்டுக்கு அருகே இருக்கும் பாலத்தில்தான் அமெரிக்க விடுதலைப் போரின் முதல் நாளான 1775 ஏப்ரல் 19 அன்று பிரிட்டிஷ் படையோடு சண்டை நடந்தது. ஹாதார்னுக்கு அந்தச் சண்டையில் பெரிய ஆர்வம் இல்லை. கவிஞர் லோவல் சொன்ன ஒரு செவிவழிக் கதைதான் அவரைப் பிடித்துக்கொள்கிறது. பாதிரியார் வீட்டில் விறகு வெட்டிக்கொண்டிருந்த பையன் கோடரியோடு வேடிக்கை பார்க்க ஓடுகிறான். அடிபட்டுக் கிடந்த ஒரு சிப்பாய் தலை நிமிர்த்திப் பார்த்ததும், பதறிப்போய் வெட்டிவிடுகிறான். அந்தப் பையன் பிறகு எப்படி வாழ்ந்திருப்பான் என்று யோசித்து யோசித்துப் பார்த்திருக்கிறேன், சண்டையைப் பற்றி வரலாறு சொல்வதைவிட இது எனக்கு அதிகம் தந்தது என்கிறார். பாலத்துக்கு நினைவுச்சின்னம் எழுப்பிய ஊரில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதினார் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

போவுக்கு எதிர்ப்பக்கத்தில் நின்றவர் ஹெர்மன் மெல்வில். 1850 ஆகஸ்டில், வெர்மான்டில் கோடையைக் கழிக்கும் வர்ஜீனியாக்காரர் என்ற முகமூடியோடு, இந்தத் தொகுப்பைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். ஹாதார்னிடம் இருக்கும் இருட்டைப் பேசி, ஷேக்ஸ்பியரையே துணைக்கு இழுத்தார். 'யங் குட்மேன் பிரவுன்' என்ற தலைப்பைப் பார்த்து ஏதோ குழந்தைக் கதை என்று நினைத்தேன், இத்தாலியக் கவிஞர் தாந்தே அளவுக்கு ஆழமாக இருக்கிறது என்றார். அடுத்த ஆண்டு வந்த 'மோபி டிக்' நாவலை ஹாதார்னுக்கே காணிக்கையாக்கினார். 'எ செலக்ட் பார்ட்டி'யையும் அவர் ஆஹா என்கிறார், அந்த ஓர் இடத்தில் அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

பதிப்பு பற்றி ஒரு வார்த்தை. காப்புரிமை இல்லாத புத்தகம், குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 1854 மறுபதிப்பில்தான் 'ஃபெதர்டாப்' சேர்ந்தது. சோளக்கொல்லைப் பொம்மை ஒன்றுக்குச் சூனியக்காரி உயிர் கொடுத்துக் கனவானாக ஊருக்குள் அனுப்பும் கதை. வாயில் குழாயை வைத்துப் புகைத்துக்கொண்டே இருந்தால்தான் அதற்கு உயிர். 1846 பதிப்பை அப்படியே அச்சடித்த பிரதிகளில் இது இருக்காது, அதனால் பொருளடக்கத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு இந்தத் தொகுப்பிலிருந்து முதலில் கொடுக்க வேண்டிய கதையும் அதுதான்.